அரைப்பதற்கு முன் நாற்பது விநாடி

நான் வேலை பார்த்த ஆய்வகத்தில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் சரண்யா. போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டார். ஓய்வு பெற்றவனைப் பழைய அலுவலகத்திலிருந்து கூப்பிட்டால் இரண்டு காரணங்கள்தான் இருக்க முடியும். ஏதாவது சாவி காணாமல் போயிருக்கும். அல்லது யாராவது இறந்திருப்பார்கள். இது மூன்றாவது வகையாக இருந்தது.

"சார், புது மிசின் வந்திருச்சு. ஒவ்வொரு மூலக்கூறையும் எடை போட்டே சொல்லிருது. அதனால பழைய செய்முறையெல்லாம் சுருக்கிட்டிருக்கோம். பூண்டுக்கு மட்டும் நாலாவது படியில, 'முழுப் பல்லாக நாற்பது விநாடி மைக்ரோவேவில் வைத்த பின்பே அரைக்கவும்'னு இருக்கு. வேற எந்தக் காய்க்கும் இப்படி இல்ல. எடுத்துறலாமா?"

"எதுக்கு வச்சதுன்னு ஆதாரக் கட்டத்துல போட்டிருக்குமேம்மா."

"'உள் ஆய்வு'ன்னு மட்டும்தான் சார் இருக்கு. யாரு பண்ணுனது, என்ன பண்ணுனதுன்னு ஒண்ணும் இல்ல. ரெண்டு வரில சொல்லுங்க சார், போதும்."

எனக்கு இரண்டு வரியில் எதையும் சொல்ல வராது. வீட்டில் இதற்குச் சாட்சி இருக்கிறது. சரண்யாவிடம் ஒரு சின்ன வேலையைச் செய்யச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அது என்ன வேலை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் பயிற்சிக் காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். நானும் அப்படித்தான் கடந்தேன். அப்பாவுக்குப் பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை. சூடம், பத்தி, சந்தனம் விற்ற காசில் நான் வேதியியல் படித்தேன். படித்து முடித்து, கொடைக்கானலில் காய்கறி பழங்களில் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வகத்தில் சேர்ந்தேன். முதல் விடுமுறைக்கு வந்தபோது அப்பா கேட்டார்.

"அங்க என்ன சோலிடா பாக்குற?"

குரோமட்டோகிராபி என்ற சொல்லை விபூதிப் பொட்டலங்களுக்கு நடுவில் உச்சரிக்கக் கூச்சமாக இருந்தது. கடைக்கு எதிரே தெரிந்த மலைப்படியைக் காட்டினேன்.

"அடிவாரத்துல நூறு பேரு ஒரே நேரத்துல ஏற ஆரம்பிக்கிறாங்கன்னு வச்சுக்கங்கப்பா. ஒருத்தரு எதையும் திரும்பிப் பாக்காம விறுவிறுன்னு போயிருவாரு. ஒருத்தரு மண்டபத்துக்கு மண்டபம் உக்காந்து எந்திரிப்பாரு. ஒரு அம்மா படிக்குப் படி மஞ்சக் குங்குமம் வச்சுச் சூடம் பொருத்திட்டுப் போகும். மேல போய்ச் சேரும்போது எல்லாரும் தனித்தனியாத்தான் வருவாங்க. எங்க குழாய்க்குள்ளயும் அப்படித்தான். எது வழியில எவ்வளவு ஒட்டுதோ, அவ்வளவு லேட்டா வரும். அத வச்சுக் கலவையப் பிரிக்கிறோம்."

அப்பா சூடப் பாக்கெட்டுகளை அடுக்க ஆரம்பித்தார்.

"அப்ப நீ மேல நின்னு வர்றவங்கள எண்ணுற ஆளு."

"கிட்டத்தட்ட."

"இதுக்கா காலேஜு? சரி, ரெண்டு பேரு ஒண்ணா மேல வந்து சேந்தா யாரு யாருன்னு எப்படிக் கண்டுபிடிப்ப?"

"அப்படியெல்லாம் வர மாட்டாங்கப்பா" என்றேன். வேதியியலில் நான் சொன்ன முட்டாள்தனமான வாக்கியங்களைப் பட்டியலிட்டால் அதுதான் முதலில் வரும். எட்டாம் வகுப்பைத் தாண்டாத ஒரு கடைக்காரர், எங்கள் துறையின் ஆதாரமான கேள்வியைச் சூடப் பாக்கெட்டை அடுக்கிக்கொண்டே கேட்டுவிட்டார். அதற்கு விடை கிடைக்க எனக்குப் பன்னிரண்டு வருடம் ஆனது.

எங்கள் ஆய்வகம் பழைய பங்களா ஒன்றில் இருந்தது. கணப்பு இருந்த இடத்தில் நைட்ரஜன் சிலிண்டர் நின்றது. படுக்கையறையில் குரோமட்டோகிராபி கருவி இருந்தது. முப்பது மீட்டர் நீளமுள்ள மெல்லிய கண்ணாடிக் குழல் ஒன்று அதன் அடுப்புக்குள் சுருண்டு கிடக்கும். ஒரு துளிச் சாற்றை ஊசியால் ஏற்றினால் அது ஆவியாகிக் குழலுக்குள் ஓடும். மறுமுனையில் ஒரு உணர்கருவி. மூக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஏதாவது வந்து சேரும்போதெல்லாம் தாளில் ஒரு கோடு மலைபோல எழும்பி இறங்கும். அதை நாங்கள் பீக் என்போம். பூச்சிமருந்து எத்தனையாவது நிமிடத்தில் வரும் என்பது முன்பே தெரியும். அந்த நிமிடத்தில் பீக் எழுந்தால் மருந்து இருக்கிறது, எழாவிட்டால் இல்லை. இவ்வளவுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படி நினைக்காதவர் ஸ்டெல்லா மேடம். ஆய்வகத்தின் தலைவர். கொடைக்கானலிலேயே பிறந்து வளர்ந்தவர்; என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். எந்த மாதத்திலும் கழற்றாத பழுப்புநிறச் சால்வை, காதில் பென்சில். நடக்கும் சத்தம் கேட்காது. நாம் சோம்பேறித்தனமாக எதையாவது எழுதும்போது மட்டும் பின்னால் நிற்பார்.

அவர் தாளைப் படிக்கும் முறையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. கருவி அச்சடிக்கும் தாளின் அடியில் எண்கள் இருக்கும்: எந்தப் பொருள், எவ்வளவு. நாங்களெல்லாம் நேராக அந்த எண்ணுக்குத்தான் போவோம். மேடம் முதலில் இடது உள்ளங்கையால் எண்களை மூடிக்கொள்வார். பிறகு கோட்டின் மேல் பென்சில் முனையை மெல்ல நடத்திக்கொண்டு போவார். ஒவ்வொரு பீக்கிலும் நின்று, "இது யாரு?" என்பார். 'எது' என்று கேட்க மாட்டார். பெயரைச் சொன்னால், "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பார். அந்த இரண்டாவது கேள்விக்குப் பயந்தே ஒருவர் வேலையை விட்டுவிட்டு ஒட்டன்சத்திரத்தில் தக்காளி கமிஷன் மண்டிக்குப் போனார். நன்றாகவே இருக்கிறார்.

இரண்டு தாள்களை ஒப்பிட வேண்டுமானால், ஒன்றின் மேல் ஒன்றை வைத்து ஜன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடிப்பார். வெளியே மூடுபனி இருக்க வேண்டும். பனியின் வெள்ளை வெளிச்சத்தில் இரண்டு கோடுகளும் ஒன்றாகத் தெரியும்; எங்கே விலகுகின்றன என்பது கண்ணில் குத்தும். வெயில் அடித்தால் கண் கூசும் என்று தாளை மேஜையில் வைத்துவிடுவார். சுற்றுலா வந்தவர்கள் ஏரிக்கரையில் நின்று பனியைத் திட்டிக்கொண்டிருந்த நாட்களில், "வாட் எ லவ்லி டே, தண்டபாணி" என்று கையைத் தேய்த்துக்கொண்டு வந்த ஒரே ஜீவன் அவர்தான்.

சமையலறையில் இன்னொரு கருவி இருந்தது. கேபிலரி எலக்ட்ரோபோரசிஸ். தலைமுடியின் கனத்தில் ஒரு கண்ணாடி நாளம். அதன் நடுத்துளை முடியைவிடவும் மெலிது. அதற்குள் உப்புக்கரைசலை நிரப்பி, இரு முனைக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் கொடுத்தால், உள்ளே இருப்பவை தங்கள் மின்னேற்றத்துக்கும் உடல் பருமனுக்கும் ஏற்ற வேகத்தில் ஓடும். படியேறுவதற்கும் விஞ்ச் ரயிலில் போவதற்கும் உள்ள வித்தியாசம் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். அந்த நாளத்தின் மேல்பூச்சை ஓரிடத்தில் மட்டும் தீக்குச்சியால் பொசுக்கி, ஒளி புகுவதற்கு ஒரு சின்ன ஜன்னல் செய்ய வேண்டும். பூச்சு போன இடத்தில் கண்ணாடி அப்பளத்தைவிடப் பலவீனமாகிவிடும். நான் முதல் மாதத்தில் ஒன்பது நாளங்களை உடைத்தேன். மேடம் திட்டவில்லை. பத்தாவதை அவரே பொசுக்கி, சால்வை நுனியில் துடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கருவியில் பொருத்தினார். பொருத்திய பிறகுதான் மூச்சுவிட்டார். "நீங்க ஜன்னல் பண்ணும்போது மூச்சு விடுறீங்க, தண்டபாணி. அதான் பிராப்ளம்." அதற்குப் பிறகு இன்னும் மூன்றுதான் உடைத்தேன்.

பன்னிரண்டு வருடம் இப்படிப் போனது. என் பெயருக்கு நேராக 'மூத்த பகுப்பாய்வாளர்' என்று போட்டார்கள். எனக்கும் கொஞ்சம் தொப்பை வந்தது. இரண்டும் ஒரே வருடத்தில் நடந்தன.

கூக்கால் மேல்மலையில் இருக்கிற ஊர். பூண்டுக்குப் பேர்போனது. அங்கே பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து, மருந்தே அடிக்காமல் பூண்டு போடுகிறோம் என்று ஒரு குழு அமைத்திருந்தார்கள். பன்னிரண்டு காட்டுக்கும் சேர்த்து ஒரே சான்றிதழ். ஒரு வீட்டுப் பூண்டில் மருந்து இருந்தாலும் அந்த வீட்டை நீக்கினால்தான் மற்ற பதினொன்றுக்கும் சான்றிதழ் நிற்கும். பன்னிரண்டு பைகளும் முத்திரையிட்டு எங்களிடம் வந்தன. அந்த வாரம் மேடம் விடுப்பில் இருந்தார். பொறுப்பு என்னிடம் இருந்தது.

பதினொரு பைகள் சுத்தம். ஏழாவது பையில், மருந்து வரவேண்டிய நிமிடத்தில் பீக் எழுந்தது. நன்றாகவே எழுந்தது. அதன் வலது பக்கம் மட்டும் கொஞ்சம் சரிந்து தொங்கியது. நாங்கள் தோள் என்போம். குழல் பழசாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விதிப்படி வேறு வகைக் குழலிலும் ஓட்டிப் பார்த்தேன். அதிலும் வந்தது, ஆனால் பாதி அளவுதான். அந்தக் குழல் இன்னும் பழசு என்று எழுதினேன். 'தேறவில்லை' என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். மேடம் இல்லாமல் நான் தனியாகப் போட்ட முதல் பாதகமான அறிக்கை. கையெழுத்து வழக்கத்தைவிட அழகாக விழுந்ததாக ஞாபகம்.

மேடம் விடுப்பிலிருந்து திரும்பிய மறுநாள், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் வாசலில் நின்றார். தலையில் மப்ளர், கையில் மஞ்சள் பை.

"இங்க தண்டபாணிங்கறது யாருங்க?"

"நான்தாம்மா."

மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதானா கையெழுத்துப் போட்டது? நான் பெரிய ஆளா இருக்கும்னு நெனச்சுட்டேன். என் பேரு பாண்டியம்மா. கூக்காலு. வெள்ளனே பஸ்ஸப் பிடிச்சு வாரேன்."

ஏழாவது பை.

"நான் மருந்து அடிக்கலைங்க, சார். எங்க வீட்டுக்காரருக்கு மருந்து அடிச்சடிச்சே கண்ணு மங்கிப்போச்சு. அன்னைக்கு இருந்து மருந்து டப்பா எங்க காட்டுக்குள்ள வந்ததில்ல. அந்தப் பன்னெண்டு வீட்டையும் வாசல் வாசலாப் போயிப் பேசிச் சேத்தவளே நாந்தான். இப்ப என் வீட்ட நீக்கணும்னு வார வெள்ளிக்கெழம கோயில்ல கூட்டம் போட்டிருக்காங்க. ஊருக்கெல்லாம் சொல்லிட்டு இவ திருட்டுத்தனமா அடிச்சிருக்கான்னு பேச்சு. நான் சூடம் அடிச்சு சத்தியம் பண்றேன்னேன். குழுத் தலைவரு, 'அக்கா, நீ சத்தியம் பண்ணுவ, மிசினு சொன்னத என்ன செய்ய'ங்கறாரு. அதான் ஒண்ணு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

"கேளுங்கம்மா."

"உங்க மிசினு சூடம் அடிச்சு சத்தியம் பண்ணுமா?"

எரியும் சூடத்தை உள்ளங்கையால் அறைந்து அணைத்துச் சத்தியம் செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தச் சூடத்தை விற்றே வளர்ந்தவன் நான். சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

"கருவி பொய் சொல்லாதும்மா."

"கரெக்ட்" என்று பின்னால் குரல் கேட்டது. ஸ்டெல்லா மேடம். "கருவி பொய் சொல்லாது. உண்மையும் சொல்லாது. அது கோடு மட்டும்தான் போடும், தண்டபாணி. சொன்னது நீங்க. உள்ள வாங்கம்மா. காப்பி குடிப்பீங்களா?"

ஏழாவது பையின் தாள் வந்தது. உள்ளங்கை எண்களை மூடியது. பென்சில் நடந்தது, நின்றது.

"இது யாரு?"

மருந்தின் பெயரைச் சொன்னேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த நிமிஷத்துல வந்துச்சு மேடம்."

"தோள் ஏன் தொங்குது?"

"குழல் பழசு மேடம்."

அன்று நல்ல பனி. எட்டாவது பையின் தாளைக் கேட்டு வாங்கினார். கருவியில் ஓட்டியது அதே நாள், அதே குழல். இரண்டையும் ஜன்னலில் வைத்து அழுத்தினார். எட்டாவதில் இருந்த சின்னச் சின்ன பீக்குகள் எல்லாம் ஊசிபோல நேராக நின்றன. "இதுக்கெல்லாம் தோள் நேரா இருக்கே. குழல் ஏழுக்கு மட்டும் வயசாகி, எட்டுக்கு யங் ஆயிடுச்சா?"

பாண்டியம்மாள் காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, ஜன்னலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நோட்டு" என்றார் மேடம்.

என் வேலைக் குறிப்பேடு. ஏழாவது பை: அரைத்தது பதினொன்று இருபது. கரைப்பான் ஊற்றிய நேரம் என்ற கட்டம் காலியாக இருந்தது. அரைத்த விழுதில் உடனே கரைப்பான் ஊற்றி, அதில் இருப்பதைப் பிரித்தெடுத்துவிட வேண்டும். காலிக் கட்டத்தை மேடம் பென்சிலால் ஒருமுறை தட்டினார். அவ்வளவுதான். எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அன்று மரம் விழுந்து மின்சாரம் போனது. அரைத்த விழுது மேஜையில் இருந்தது. கலக்கும் கருவி ஓடாதே, கரண்ட் வரட்டும் என்று விட்டுவிட்டு ஏரிக்கரைக்குப் போய்ப் பிரட் ஆம்லெட் சாப்பிட்டேன். இரண்டு. திரும்பி வரும்போது ஒன்றரை மணியாகியிருந்தது. மீதிப் பைகளை மறுநாள் வரிசையாக, உடனுக்குடன் முடித்தேன்.

"ரெண்டு மணி நேரம் சும்மா இருந்திருக்கு மேடம்." ஆம்லெட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

"சும்மா இருந்துச்சா, ஏதாவது செஞ்சுட்டு இருந்துச்சா?" என்றார். பிறகு, "அம்மா முன்னாடி அன்னிக்குச் செஞ்சத அப்படியே செஞ்சு காட்டுங்க. ஒவ்வொண்ணும்."

ஒவ்வொரு பையிலும் பாதியை முழுப் பூண்டாகவே குளிர்ப்பெட்டியில் முத்திரையோடு வைத்திருப்போம், சந்தேகம் வந்தால் திரும்பப் பார்க்க. ஏழாவதை எடுத்து உரித்தேன், எடை போட்டேன், மிக்சியில் அரைத்தேன். மூடியைத் திறந்ததும் மூன்று பேர் கண்ணிலும் நீர்.

"பச்சையா அரைச்சா அப்படித்தாங்க" என்றார் பாண்டியம்மாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "முழுப் பல்லா கெடக்கும்போது வாய மூடிட்டுத்தான் கெடக்கும். இத்தன நேரம் உரிச்சீங்களே, வாசம் வந்துச்சா? நசுக்குனாத்தான் கத்தும். நசுக்கி வச்சுட்டா நேரமாக நேரமாக ஏறும். புள்ள பெத்தவளுக்கு முழுசா அவிச்சுக் குடுப்போம்ல, ஒரு கைப்பிடி திங்கலாம், காரமே இருக்காது. அவிச்சத அப்புறம் நசுக்குனாலும் கத்தாது."

மேடம் பென்சிலைக் கீழே வைத்தார். பன்னிரண்டு வருடத்தில் அவர் பென்சிலைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை.

"கடைசியாச் சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்கம்மா."

"அவிச்சத அப்புறம் நசுக்குனாலும் கத்தாதுங்க."

புத்தகத்தில் இது இருந்தது. நானும் படித்துத் தேறியிருந்தேன். பூண்டுப் பல்லுக்குள் இரண்டு பொருட்கள் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. நசுக்கினால் சுவர் உடைந்து ஒன்றையொன்று சந்திக்கின்றன. அப்போதுதான் காரமான கந்தகச் சேர்மங்கள் பிறக்கின்றன. நேரம் போகப் போக அவை மேலும் மேலும் உருமாறுகின்றன. அவித்துவிட்டால் அந்த இரண்டில் ஒன்றான நொதி செத்துவிடும். பிறகு நசுக்கினாலும் ஒன்றும் பிறக்காது. இரண்டு மணி நேரத்தில் என் விழுதில் பிறந்த ஏதோ ஒன்று, மருந்து வரும் அதே நிமிடத்தில் குழலின் மறுமுனைக்கு வந்து சேர்ந்திருந்தால்? இரண்டு பேர் ஒன்றாக மேலே வந்தால் என்று அப்பா கேட்டாரே, அதுதான். குற்றவாளியை மிக்சியில் நானே தயாரித்து, பழியைப் பாண்டியம்மாள் மேல் போட்டிருந்தேன்.

"இருந்தால்" என்பதுதான் மேடத்துக்குப் பிடிக்காத சொல். அன்றே வேலையைத் தொடங்கினோம். அவித்தால் தண்ணீரில் எதுவாவது கரைந்து போகலாம். ஆகவே தண்ணீர் வேண்டாம், மைக்ரோவேவ் போதும் என்றார். ஆய்வகத்தில் மைக்ரோவேவ் கிடையாது. சாப்பாட்டு அறையில் இருந்தது. உள்ளே காவலாளியின் தயிர்ச்சாதம் இருந்தது. அதை வெளியேற்றினோம்.

ஏழாவது பைப் பூண்டை மூன்றாகப் பிரித்தோம். ஒன்றை அரைத்ததும் கரைப்பான் ஊற்றினோம். இரண்டாவதை அரைத்து இரண்டு மணி நேரம் வைத்தோம். மூன்றாவதை முழுப் பல்லாக நாற்பது விநாடி சூடாக்கி, ஆறவிட்டு, அரைத்து, அதையும் இரண்டு மணி நேரம் வைத்தோம். மேடம் ஒவ்வொரு கட்டத்திலும் நேரத்தை அவரே எழுதினார். கூக்காலுக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று பாண்டியம்மாள் கிளம்பினார். மஞ்சள் பையிலிருந்த பூண்டை நீட்டினார். "வீட்டுப் பூண்டுங்க. சோதிக்க வேணாம், கொழம்பு வைங்க." மேடம் வாங்க மறுத்தார், முடிவு தெரியும்வரை எதையும் வாங்கக் கூடாது. "அவ்வளவு சுத்தமாங்க நீங்க?" என்று கேட்டுவிட்டு, பையைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை மூன்று தாள்களும் ஜன்னலில் ஏறின. அரைத்ததும் எடுத்ததில் அந்த இடத்தில் லேசான மேடு மட்டும். இரண்டு மணி நேரம் வைத்ததில் அதே பீக், தொங்கும் தோளோடு. சூடாக்கியதில் ஒன்றுமில்லை, வெறும் சமவெளி. நான் குதித்தேன். மேடம் குதிக்கவில்லை.

"ஒருவேளை சூட்டுல மருந்தே போயிருந்தா?"

எனக்கு அது தோன்றவே இல்லை. இன்னும் ஒரு கை பூண்டெடுத்து, ஒவ்வொரு பல்லிலும் ஊசியால் தெரிந்த அளவு மருந்தை நாங்களே ஏற்றி, நாற்பது விநாடி சூடாக்கி, அரைத்துப் பார்த்தோம். ஏற்றியதில் ஏறக்குறைய முழுவதும் திரும்பி வந்தது, தோள் நேராக. மருந்து இருந்தால் சூட்டுக்குப் போகாது. ஆகவே பாண்டியம்மாளின் பூண்டில் முன்பும் மருந்து இல்லை.

"இப்பவாவது எழுதலாமா மேடம்?"

"ஒரே சாட்சி, தண்டபாணி. எல்லாமே ஒரே ரூம்ல இருந்து பேசுது." எழுந்து சமையலறைக்குப் போனார். வியாழக்கிழமை காலை முழுவதும் எலக்ட்ரோபோரசிஸ் நாளத்தோடு உட்கார்ந்தார். கந்தகக் காரத்துக்குத் தாயான பொருள் மின்னேற்றம் ஏற்கும். ஆகவே அந்தக் கருவியில் ஓடும். சூடாக்கிய பூண்டில் தாய் அப்படியே இருந்தாள். பச்சையாக அரைத்து வைத்ததில் தாயைக் காணோம். பிள்ளைகளைப் பெற்றுவிட்டுப் போயிருந்தாள். வெப்பத்தால் பிரிப்பது ஒரு வழி, மின்சாரத்தால் பிரிப்பது இன்னொரு வழி. இரண்டு வழியாகவும் போய் ஒரே கதையைக் கேட்ட பிறகுதான் மேடம் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். அந்த நாளத்துக்கு ஜன்னல் பொசுக்கியது நான். மூச்சு விடவில்லை. உடையவில்லை.

திருத்திய அறிக்கையில் முந்தையதை ரத்து செய்வதாகவும், தவறு ஆய்வகத்துடையது என்றும் எழுதினேன். தபாலில் போட உறை எடுத்தேன்.

"நாளைக்குக் கூட்டம். தபால் திங்கட்கிழமை போகும்" என்றார் மேடம். "கையெழுத்துப் போட்டவர் போகணும்."

"நீங்களும் வாங்க மேடம்."

"நான் போடலையே."

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் கூக்காலில் இறங்கினேன். கோயில் முன்னால் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். பாண்டியம்மாள் தூணோரம் தனியாக உட்கார்ந்திருந்தார்; பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட அவர் கணவர். நான் அறிக்கையைப் படித்தேன். படித்து முடித்தபோது எனக்கே புரியவில்லை. ஆகவே தாளை மடித்துவிட்டு நேராகச் சொன்னேன். பூண்டை அரைத்து வைத்துவிட்டுப் போனது நான். அதில் பிறந்த காரத்தை மருந்து என்று சொன்னதும் நான். இந்த அம்மாவின் பூண்டில் மருந்து இல்லை.

"எங்க போயிருந்தீங்க அந்த ரெண்டு மணி நேரம்?" என்றார் குழுத் தலைவர்.

"பிரட் ஆம்லெட் சாப்பிட."

சிரிப்பு எழுந்தது. தலைவர் சிரிக்கவில்லை. "சார், போன வாரமும் நீங்கதான் சொன்னீங்க, இருக்குன்னு. இப்பவும் நீங்கதான் சொல்றீங்க, இல்லேன்னு. நாங்க எத நம்புறது?"

நியாயமான கேள்வி. பதிலாக எதைக் காட்டுவது என்று பைக்குள் தாள்களைத் தேடினேன். பாண்டியம்மாள் எழுந்து வந்தார். தட்டில் சூடம்.

"மிசினு சத்தியம் பண்ணாது. கையெழுத்துப் போட்டவரு பண்ணட்டும்."

சூடத்தைப் பற்றவைத்தார். பார்த்ததுமே தெரிந்தது, நல்ல சூடம், புகை குறைவு. உள்ளங்கையை நீட்டினேன். பன்னிரண்டு வருடமாக அறிக்கை எழுதுகிறவனுக்கே உரிய வியாதி அப்போதுதான் வேலை செய்தது.

"எங்கள் கருவியால் கண்டறியக்கூடிய குறைந்தபட்ச அளவுக்கு மேல்..."

"அளவு கிளவுன்னு இழுக்காதீங்க சார், சூடம் எரியுதுல்ல!"

"இல்லை" என்றேன். அறைந்தேன். எண்களையோ, கட்டங்களையோ, துணைக்கு வேறு ஒரு கையெழுத்தையோ நம்பாமல், நான் வாழ்க்கையில் சொன்ன ஒரே முடிவு அது. 

குழுத் தலைவர் எழுந்து பாண்டியம்மாளிடம் போனார். "அக்கா, முன்னால வந்து உக்காரு" என்றார். பாண்டியம்மாள் உடனே நகரவில்லை. கணவரின் கையைப் பிடித்து எழுப்பி, அவரையும் கூட்டிக்கொண்டு, மெதுவாக நடந்து முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் எனக்குக் காப்பி வந்தது.

சனிக்கிழமை மேடம் என் உள்ளங்கைக் கொப்புளத்தைப் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்டார், சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்காமல், "ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் இப்படி இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றார். பிறகு பூண்டுக்கான செய்முறையைப் புதிதாக எழுத உட்கார்ந்தார். நாலாவது படி வந்தது. சாப்பாட்டு அறை மைக்ரோவேவில் 'பூண்டுக்கு மட்டும்' என்று தாள் ஒட்டப்பட்டது. காவலாளி அந்த வருடம் முழுவதும் தயிர்ச்சாதத்தைக் குளிராகவே தின்றார்.

அந்தச் செய்முறைத் தாளில், படிக்குப் படி ஆதாரம் என்ன என்று காட்டும் கட்டம் ஒன்று உண்டு. நாலாவது படிக்கு நேராக மேடம் பென்சிலால் ஒன்று எழுதியிருந்தார். தணிக்கைக்கு வந்தவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆதாரம் என்றால் ஆசிரியர், ஆண்டு, பக்கம் வேண்டும். இப்படி எழுதினால் எப்படி என்றார். மேடம் வாதாடிப் பார்த்தார். அவர் வாதத்தில் தோற்று நான் பார்த்தது அது ஒருமுறைதான். பிறகு பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்துவிட்டு, மேலே பேனாவால் 'உள் ஆய்வு' என்று எழுதினார்.

சரண்யாவிடம் நான் சொன்னது இதுதான். நாலாவது படியை எடுக்கலாம், தப்பில்லை. ஆனால் முதலில் புது மிசினில் மூன்று விதமாகவும் பூண்டை ஓட்டிப் பாருங்கள். தாளைப் பார்க்கும்போது எண்களைக் கையால் மூடிக்கொள்ளுங்கள். அப்புறம் இரும்பு அலமாரியில் பூண்டுச் செய்முறையின் கையெழுத்துப் பிரதி இருக்கும். அதை ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பாருங்கள். பின்னால் நல்ல பனி இருக்க வேண்டும்.

பத்து நாள் வெயில் அடித்தது. பதினொன்றாம் நாள் கூப்பிட்டார்.

"சார், மூணு விதமாவும் ஓட்டிட்டேன். நாலாவது படிய எடுக்கல. பீக் தனியாத்தான் வருது, ஆனா பச்சையா அரைச்சு வச்சா மிசின் மூக்கே அடைச்சுப் போயிருது." தாள் சரசரக்கும் சத்தம் கேட்டது. "அந்தத் தாள ஜன்னல்ல வச்சுப் பாத்தேன். 'உள் ஆய்வு'க்குக் கீழ அழிச்ச பென்சில்ல ரெண்டு வார்த்தை தெரியுது சார். 'பாண்டியம்மாள், கூக்கால்'னு."

"ஆமா."

"அவங்க எந்த யுனிவர்சிட்டி சார்?"